மாவட்டப் பக்கம்

நாகர்கோவிலில் ஒருவர் காலையில் விரிக்கும் நாளிதழும், அதே பெயரில் சென்னையில் ஒருவர் விரிக்கும் நாளிதழும் முதல் பக்கத்தோடு பிரிந்துவிடும். உள்ளே நமக்கென்று சில பக்கங்கள் உண்டு. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டம், தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ என்ன விலை, குளச்சலில் மீன்பாடு எப்படி, எந்தக் கோயிலில் கொடியேற்று, எந்த ஊரில் யார் காலமானார் என்பதெல்லாம் அங்கேதான் வரும். ஆரல்வாய்மொழி தாண்டி வள்ளியூர் போய்விட்டால் அந்தப் பக்கமும் மாறிவிடும். எங்கள் மாவட்டத்து மனிதர்களின் அன்றாடம் அச்சில் ஏறியது பெரும்பாலும் இந்தப் பக்கங்களில்தான். ஆனால் பத்து, இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு மாவட்டப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றால் மாவட்டத்துக்குள் எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் பல இடங்களில் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

நான் அந்தப் பக்கங்களுக்குச் செய்தி எழுதியவன். அதற்கு முன்னால் அச்சுக் கோத்தவன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் நாகர்கோவிலில் தெருவுக்கு ஒரு சின்ன அச்சகம் இருந்தது என்றே சொல்லலாம். கல்யாண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், கன்வென்ஷன் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, தேர்தல் வந்தால் துண்டுப் பிரசுரம் என்று வேலைக்குக் குறைவில்லை. நான் சேர்ந்த இடத்தில் இவற்றோடு உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றும் அச்சானது. மரத்தால் செய்த கேஸ் சாய்வாக நிற்கும். அதன் அறைகளில் ஈய எழுத்துகள். இடது கையில் வரி கோக்கும் ஸ்டிக், வலது கையால் எழுத்தைப் பொறுக்கி அடுக்க வேண்டும். வரி நிரம்பினால் அதற்கும் அடுத்த வரிக்கும் நடுவில் லெட் என்ற ஈயத் தகட்டை வைக்க வேண்டும். பத்தி முடிந்தால் கேலித் தட்டில் இறக்கிச் சணல் நூலால் கட்ட வேண்டும். மை உருளையை ஓட்டி, ஈரத்தாளை விரித்து அழுத்தினால் புரூப் வந்துவிடும்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த ஃபோர்மேன் அண்ணாச்சி வாய் ஓயாமல் சொல்வார்: “மக்ளே, எழுத்து உனக்கு எதிர்த்தாப்புல நிக்கும். ஆனா நீ நேரா வாசிக்கணும். தாளைப் பாத்து வாசிக்கவன் வாசகன், ஈயத்தைப் பாத்து வாசிக்கவன்தான் தொழிலாளி.” சில மாதங்களில் எனக்கும் அது கைவந்தது. இன்றைக்கும் கண்ணாடியில் தெரியும் கடைப் பலகையைத் தடையில்லாமல் வாசிப்பேன்.

1978இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றது. ‘ணா’, ‘றா’, ‘னா’, ‘லை’, ‘ளை’ முதலிய 13 எழுத்துகள் மாறின. அரசாணை ஒரு நாளில் வந்துவிட்டது; ஈயம் ஒரு நாளில் மாறாது. பழைய ‘லை’ கேஸ் நிறையக் கிடக்க, அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வார்ப்பு வாங்க எந்தச் சின்ன அச்சகத்துக்கு வசதி? ஆகவே ஒரே நோட்டீஸில் ஒரு வரியில் தும்பிக்கை வைத்த பழைய ‘லை’யும் அடுத்த வரியில் புதிய ‘லை’யும் நிற்கும். அந்த வருடங்களின் நோட்டீஸ்களைப் பார்த்தால், எந்த அச்சகம் எப்போது புது எழுத்து வாங்கியது என்பதைக்கூடச் சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட நோட்டீஸ் ஒன்றுகூட இப்போது என் கையில் இல்லை. அச்சானதும் ஈயத்தை மண்ணெண்ணெயில் கழுவி, எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கேஸில் திருப்பிப் போட்டுவிடுவோம். போன வாரத்துத் துக்கச் செய்தியின் எழுத்துகள்தாம் இந்த வாரத்துக் கல்யாணத்துக்கு நின்றன. மிஞ்சியது தாள் ஒன்றே. அதையும் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

திருவிதாங்கூரில் அச்சுப்பொறி முதன்முதல் ஓடிய ஊர் நாகர்கோவில் என்று அண்ணாச்சி பெருமையாகச் சொல்வார். உண்மைதான். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் 1820களின் தொடக்கத்தில் இங்கே அச்சகத்தை நிறுவினார். கோட்டயத்தில் பெஞ்சமின் பெய்லியின் அச்சகம் புகழ்பெற்றதும் அதே காலத்தில்தான். 19ஆம் நூற்றாண்டிலேயே ‘தேசோபகாரி’ என்ற இதழ் இங்கிருந்து வந்தது. பின்னால் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை எழுதிய ‘மருமக்கள்வழி மான்மியம்’ தொடராக வந்தது ‘தமிழன்’ என்ற இதழில். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே இருந்த மருமக்கள்வழிச் சொத்துரிமை 1926இல் சட்டத்தால் முடிவுக்கு வந்ததற்குப் பின்னால் அந்தத் தொடருக்கும் பங்குண்டு. ஒரு சிற்றூர்ப் பத்திரிகையில் வந்த எழுத்து சட்டம் வரைக்கும் போயிருக்கிறது! பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா ‘ஜனசக்தி’யையும் ‘தாமரை’யையும் நடத்தினார். சுந்தர ராமசாமி 1988இல் ‘காலச்சுவடு’ தொடங்கியதும் நாகர்கோவிலில் இருந்துதான். இவ்வளவு இருந்த ஊர் இது.

அச்சகத்தில் இருந்தபடியே ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர் ஆனேன். நெல்லையிலிருந்து வெளிவந்த பதிப்பு. சம்பளம் கிடையாது. மாத முடிவில், வெளியான செய்திகளை வெட்டித் தாளில் ஒட்டி, நீளத்தை அங்குலத்தில் கூட்டிப் போட்டு அனுப்பினால் பணம் வரும். ஆகவே காலையில் பத்திரிகை வந்ததும் முதல் வேலை ஸ்கேலும் கத்திரிக்கோலும்தான். இரண்டு பிரதி வாங்கி ஒன்றை அலுவலகத்துக்கு அனுப்புவேன். இன்னொன்றை நோட்டில் ஒட்டி வைப்பேன். அந்த நோட்டுகள் இப்போதும் என்னிடம் இருக்கின்றன.

செய்தி எழுதுவதற்கென்று சில கட்டுப்பாடுகள் இருந்தன. நியூஸ்பிரிண்ட் தாளில் ஒரு பக்கம் மட்டுமே எழுத வேண்டும். தலைப்புக்கு மேலே நாலு விரல் இடம் விட வேண்டும். யார், எங்கே, எப்போது, என்ன என்பது முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். ஏனென்றால் இடம் போதாவிட்டால் உதவி ஆசிரியர் கீழேயிருந்துதான் வெட்டுவார். சாகுபடிக்குத் தண்ணீர் கேட்டு நடந்த மறியலைப் பற்றி ஆறு பத்தி எழுதினால் இரண்டு பத்தி வரும். அந்த இரண்டில் மடையின் பெயரும் வயல் ஏலாவின் பெயரும் இருக்கும்படி எழுதத் தெரிந்தவன்தான் நல்ல நிருபர். லீடு, பாக்ஸ், ஆங்கர், டபுள் காலம் என்ற சொற்கள் நெல்லை அலுவலகத்தில் புழங்கியவை. எங்களுக்குத் தெரிந்த ஒரே சொல் கவர்.

கவர் என்றால் செய்தியும் படமும் வைத்து ஒட்டிய பழுப்பு உறை. மாலையில் வடசேரி பஸ் நிலையத்தில் நெல்லை போகும் வண்டியின் ஓட்டுநரிடம் அதைக் கொடுக்க வேண்டும். அவர் அதை முன்கண்ணாடிக்குக் கீழே சொருகிக்கொள்வார். தோவாளை, ஆரல்வாய்மொழி, வள்ளியூர், நாங்குநேரி என்று வண்டி போய்ச் சேர்ந்ததும், அங்கே காத்திருக்கும் பையன் வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடுவான். கடைசி வண்டியை விட்டால் செய்தி நாளை மறுநாள்தான் வரும். மழை நாளில் உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வேப்பமூட்டிலிருந்து சைக்கிளில் மிதித்திருக்கிறேன். ஓட்டுநர்கள் ஒரு நாளும் காசு கேட்டதில்லை. “இன்னைக்கு என்ன சார் விசேஷம்?” என்று கேட்பார்கள், சொல்ல வேண்டும். எங்கள் செய்தியின் முதல் வாசகர்கள் அவர்கள்தாம்.

1982 மார்ச் 1 மாசிக் கொடை நேரத்தில் மண்டைக்காட்டில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. பின்னர் கடற்கரை ஊர்கள் நெடுகப் பதற்றம் பரவியது. அந்த வாரங்களில் எழுதக் கற்றதை வேறு எங்கும் நான் கற்கவில்லை. எங்கும் வதந்தி. இன்ன ஊரில் இத்தனை பேர் என்று ஒருவர் வந்து சொல்வார். போய்ப் பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. ‘இரு தரப்பினர்’ என்று எழுதுவதா, பெயர் சொல்லி எழுதுவதா என்பது அன்றைக்கு வீடு எரிவதா வேண்டாமா என்ற கேள்வி. நேரில் பார்க்காததை எழுதுவதில்லை என்று எங்களில் சிலர் பேசி வைத்துக்கொண்டோம். அந்த நாட்களின் மாவட்டப் பக்கங்களை ஒருவர் இன்றைக்கு வரிசையாக வைத்துப் படித்தால், எந்தப் பத்திரிகை பொறுப்போடு எழுதியது, எது எழுதவில்லை என்று தெரிந்துவிடும். படிக்கத்தான் பக்கங்கள் வேண்டும்.

அப்படிப் பக்கங்களைப் போற்றி வைத்திருந்த ஓர் இடத்தை ஒருமுறை பார்த்தேன். 2018இல் மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது வாஷிங்டனில் நியூசியம் என்ற இடத்துக்கு அழைத்துப் போனாள். செய்திக்கென்றே ஒரு அருங்காட்சியகம். பென்சில்வேனியா அவென்யூவில் 2008இல் திறந்த பெரிய கண்ணாடிக் கட்டடம். பேச்சுரிமையும் பத்திரிகை உரிமையும் தரும் அவர்களது அரசியல் சட்டத் திருத்தத்தின் 45 சொற்களை முகப்பில், 74 அடி உயரப் பளிங்கில் செதுக்கியிருந்தார்கள். வாசலில் அன்றைய நாளிதழ்களின் முதல் பக்கங்கள் தெருவில் நின்றே படிக்கும்படி வரிசையாக இருந்தன. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பக்கம். வெளிநாட்டுப் பத்திரிகைகளும் சில. தமிழ் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். அன்றைக்கு இல்லை. ஆனால் பெயர் தெரியாத ஒரு சிற்றூரின் பத்திரிகை இருந்தது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியும் பாலம் பழுதானதும்தான் அதன் முதல் பக்கம். அந்தப் பக்கத்தை நியூயார்க் நாளிதழ் ஒன்றின் அளவுக்கே பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

உள்ளே பெர்லின் சுவரின் துண்டுகளும் காவல் கோபுரமும் இருந்தன. நியூயார்க் இரட்டைக் கோபுரத்தின் உச்சியில் நின்ற ஆண்டெனாவின் சிதைந்த பாகம் இருந்தது. பணியில் உயிர் இழந்த பத்திரிகையாளர்களின் பெயர்கள், 2000க்கும் மேல், கண்ணாடியில் பொறித்திருந்தன. எல்லாரும் நின்று பார்ப்பவை அவை. என்னைப் பிடித்து நிறுத்தியது செய்தி வரலாற்றுக் கூடம். நீள மேசை, அதன் கீழே இழுப்பறைகள். ஒன்றை இழுத்தால் கண்ணாடிக்கு அடியில் பழைய செய்தித்தாள் ஒன்று. லிங்கன் சுடப்பட்ட செய்தி ஒன்றில், உலகப் போர் முடிந்த செய்தி இன்னொன்றில். தாள் பழுத்திருந்தது, ஆனால் மடிப்பின் கோடும் அச்சில் அழுந்திய எழுத்தும் தெரிந்தன. ஒரு பத்தியில் எழுத்து சற்றே மேலேறி நின்றது. லெட் சரியாக இறங்காவிட்டால் அப்படித்தான் வரும். “அப்பா, எவ்ளோ நேரமா அதையே பாக்கீங்க?” என்றாள் மகள். கம்போசிட்டர் அவசரத்தில் கட்டிய கேலி அது என்று அவளுக்கு விளக்கினேன். எத்தனையோ வருடத்துக்கு முன்னால் முகம் தெரியாத ஒருவர் அவசரப்பட்ட ஒரு மாலை நேரம் அந்தத் தாளில் அப்படியே இருந்தது.

செய்தி, முக்கோணத்தைக் கவிழ்த்ததுபோல மேலே அகன்று கீழே குறுகும் என்ற எழுத்துமுறை தந்திக் காலத்தில் வேரூன்றியதாகச் சொல்வார்கள். கம்பி எப்போது அறுந்துபோகுமோ என்ற பயத்தில் முக்கியமானதை முதலில் அனுப்பினார்களாம். எங்களுக்கு அதுவே உதவி ஆசிரியரின் கத்திரிக்குப் பயந்து வந்த முறை. கடல் கடந்து ஒரே தொழில், ஒரே அவசரம். அங்கே நின்றபோது எனக்கு நெல்லைச் சாலை நினைவுக்கு வந்தது.

அந்தச் சாலைக்குப் பத்திரிகை வரலாற்றில் ஓர் இடம் உண்டு. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? நெய்யாற்றின்கரையில் பிறந்த கே. ராமகிருஷ்ண பிள்ளை, வக்கம் மௌலவி நடத்திய ‘சுவதேசாபிமானி’யின் ஆசிரியர். திவான் ராஜகோபாலாச்சாரியையும் அரண்மனை வட்டத்து ஊழலையும் விடாமல் கண்டித்து எழுதினார். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிமுதல் ஆனது. பிள்ளையை நாடு கடத்தினார்கள். திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த திருநெல்வேலிக்கு. திருவனந்தபுரத்திலிருந்து நெல்லைக்கு ராஜபாட்டை நெய்யாற்றின்கரை, குழித்துறை, தக்கலை, நாகர்கோவில், ஆரல்வாய்மொழி வழிதான். 32 வயதுக்காரர். சென்னையில் ‘இந்தியா’ பத்திரிகைக்கு நெருக்கடி வந்து பாரதி புதுச்சேரிக்குப் போன இரண்டு வருடத்தில் நடந்தது இது. பிள்ளை திரும்பி வரவேயில்லை. 1912இல் ‘விருத்தாந்தபத்திரப் பிரவர்த்தனம்’ என்ற நூலை வெளியிட்டார். செய்தி சேகரிப்பது, திருத்துவது, தலைப்பிடுவது, பத்திரிகை நடத்துவது என்று இந்தத் தொழிலை மலையாளத்தில் விளக்கிய நூல் அது. 1916இல் கண்ணூரில் இறந்தார். திருவனந்தபுரம் பாளையத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. நான் மாலைதோறும் கவர் அனுப்பிய சாலை அவரைக் கொண்டுபோய் வெளியே விட்ட திசையில் போவது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நாற்பது வயதுக்கு மேல்தான் படித்தேன்.

அதே பாதையில் ஒரு பத்திரிகையே குடிபெயர்ந்தும் இருக்கிறது. நாகர்கோவில்காரரான டி.வி. ராமசுப்பையர் 1951 செப்டம்பர் 6 அன்று ‘தினமலர்’ தொடங்கியது திருவனந்தபுரத்தில். திருவிதாங்கூர்த் தமிழர்களின் குரலாக அது வந்தது. அவை நேசமணி தலைமையில் தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு இணைக்கக் கேட்டுப் போராடிய ஆண்டுகள். 1954 ஆகஸ்ட் 11 மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. 1956 நவம்பர் 1 குமரி மாவட்டம் பிறந்தது. மறு வருடம் பத்திரிகை திருநெல்வேலிக்கு மாறியது. சாயாக்கடையில் ஒருவர் உரக்க வாசிக்க, கூட்டம் கேட்டுக்கொண்டு நிற்கும் என்று என் அப்பா சொல்வார். அவர் கேட்ட அந்தப் பக்கங்களைப் பார்க்க எனக்கு ஆசை.

எங்கள் காலத்துப் பக்கங்களுக்கும் நல்ல கதி இல்லை. நான் எழுதிய நாளிதழின் உள்ளூர் அலுவலகம் இடம் மாறியபோது, பல வருடத்து இதழ்க் கட்டுகள் பழைய பொருள் வாங்கும் ஆக்கர் கடைக்கு எடைக்குப் போயின. நான் தகவல் தெரிந்து போவதற்குள் வண்டி போய்விட்டது. கடைக்காரரிடம் கேட்டால், முட்டைக் கடைக்கும் பொரிகடலைக் கடைக்கும் பிரித்துக் கொடுத்தாயிற்று என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அது அவர் தொழில்.

இந்தப் பக்கங்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று மேற்குக் கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அரசுக் கணக்கு ஒன்று, ஊர்க்கணக்கு வேறு. பங்குத்தந்தையரும் ஊர்க் கமிட்டிகளும் வீடு வீடாகக் கேட்டு எழுதிய பெயர்ப் பட்டியல்தான் நம்பத் தகுந்ததாக இருந்தது. டிசம்பர் 7 குழித்துறையில் ஆயிரக்கணக்கானோர் ரயிலை மறித்து உட்கார்ந்தார்கள். தலைநகர்ப் பத்திரிகைகளுக்கு அது சில நாள் செய்தி. எங்கள் மாவட்டப் பக்கங்களில் வாரக்கணக்கில் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன: பெயர், வயது, ஊர், எந்தப் படகு. நாளை இழப்பீட்டுக்கோ வரலாற்றுக்கோ ஒரு பெயரன் கேட்டு வந்தால், தாத்தாவின் பெயர் அச்சில் இருக்கும் ஒரே இடம் அந்தப் பக்கமாக இருக்கலாம்.

பாதுகாக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. நூல்களை நூலகங்களுக்கு அனுப்பும் சட்டம் 1954இல் வந்தது. 1956இல் செய்தித்தாள்களும் அதில் சேர்ந்தன. அதன்படி பிரதி போய்ச் சேர வேண்டிய நாலு நூலகங்களில் ஒன்று சென்னைக் கன்னிமாரா. ஆனால் வள்ளவிளைக்காரர் ஒருவர் தன் ஊர்ப் பெயரைத் தேடிச் சென்னைக்குப் போவாரா? கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா தன் கைக்காசில் நூல்களையும் இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் சேர்த்தார். இன்று சென்னையில் அவர் பெயரில் இருக்கும் ஆராய்ச்சி நூலகம் அந்தச் சேகரத்தில் பிறந்ததுதான். கல்யாண அழைப்பிதழைக்கூட அவர் விடவில்லை. ஒரு தனி மனிதரால் முடிந்தது அது.

வாஷிங்டனில் நான் பார்த்த அருங்காட்சியகம் 2019 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. 45 கோடி டாலர் போட்டுக் கட்டிய கட்டடத்தை 37.25 கோடி டாலருக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு விற்றார்கள். நுழைவுச்சீட்டு 25 டாலர். பக்கத்திலேயே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் எல்லாம் இலவசம். தாக்குப் பிடிக்கவில்லை. செய்தி வந்த அன்று வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அங்கே பிடித்தது பளிங்கும் கண்ணாடியும் அல்லவே. ஒரு மேசையும் இழுப்பறைகளும்தான். அதற்கு ஓர் அறை போதும்.

நாகர்கோவிலில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. கன்னியாகுமரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டில் ஒன்றில் ஓர் அறையை மாவட்டச் செய்திக்கென்று ஒதுக்க வேண்டும் என்று ஆட்சியரையும் நூலகத் துறையையும் கேட்டுக்கொள்கிறேன். முதலில் அங்கே போக வேண்டியவை மாவட்டப் பக்கங்கள். பிறகு பழைய அச்சகங்களில் துருப்பிடித்துக் கிடக்கும் ஒரு ட்ரெடில் அச்சு மெஷின், ஒரு கேஸ், ஒரு ஸ்டிக். மலையாளப் பத்திரிகைகளும் சேர வேண்டும். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் அவையும் நம் செய்தியாக இருந்தவை. என் ஒட்டல் நோட்டுகளை முதல் நாளே கொடுத்துவிடுவேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பத்திரிகைக் கட்டு இருந்தால், ஆக்கர்காரரைக் கூப்பிடும் முன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். 1954, 1956, 1982, 2004 சுனாமி, 2017 என்று எந்த வருடத்துப் பக்கம் கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். வெட்டினால் செய்தியை மட்டும் வெட்டாதீர்கள். பக்கத்தின் மேல் ஓரத்தில் இருக்கும் பத்திரிகைப் பெயரையும் தேதியையும் பதிப்பு ஊரையும் சேர்த்து முழுப் பக்கமாகவே வையுங்கள். தேதி இல்லாத துண்டை வைத்து யாராலும் ஒன்றும் நிரூபிக்க முடியாது.